கொசுவத்தில் கூடிய மடிப்பு

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வயது 44. ஜனவரியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது மூன்று மாத சர்க்கரை 6.2 என்று வந்தது. "சுகர் இன்னும் வரலை, ஆனா வாசல்ல நிக்குது, எடையைக் குறைங்க" என்றார் டாக்டர். அப்போது 81 கிலோ. சாயங்காலம் முக்கால் மணி நேரம் நடை, ராத்திரி சாதம் கிடையாது, டீயில் சர்க்கரை கிடையாது. ஏப்ரல் கடைசியில் 75க்கு வந்தேன். அதோடு நின்றுவிட்டது. இரண்டரை மாதமாக 75.2, 74.8, 75.4 என்று அங்கேயே சுற்றுகிறது. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை மெஷினில் ஏறிப் பார்க்கிறேன்.

ஆனால் வேறு சில விஷயங்கள் நடந்திருக்கின்றன. சேலை கட்டும்போது கொசுவத்தில் ஒரு மடிப்பு கூடுதலாக வருகிறது. பிரித்துவிட்ட பிளவுஸ்களை டெய்லரிடம் கொடுத்துப் பழைய தையலுக்கே பிடிக்கச் சொன்னேன். போன மாதம் பழனியில் விஞ்ச் வரிசையில் நிற்காமல் படியேறினேன், முழங்கால் வலிக்கவில்லை. என் குறட்டை குறைந்துவிட்டது என்கிறாள் மகள். மூன்று கல்யாணங்களுக்குப் போய் சாப்பிடாமலே திரும்பி வந்திருக்கிறேன். இதையெல்லாம் வெற்றி என்று சொன்னால், கூட வேலை பார்க்கும் தோழி, "மெஷின் இறங்கலேன்னா இப்படித்தான் மனசத் தேத்திக்கணும்" என்று சிரிக்கிறாள். சொந்தக்காரர்களோ "என்ன இப்படி வாடிப் போயிட்டே, சுகரா?" என்கிறார்கள். நான் என்னையே ஏமாற்றிக்கொள்கிறேனா?

பெயர் வேண்டாம், திருப்பூர்

அன்புள்ள தோழிக்கு,

இல்லை. கல்யாண விஷயத்தைத் தவிர மற்ற எதிலும் நீங்கள் ஏமாறவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கொசுவம், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். சேலை இடுப்பை ஏறக்குறைய இரண்டு தடவை சுற்றுகிறது, உள்சுற்று ஒன்று, முந்தானைக்குப் போகிற சுற்று ஒன்று. கொசுவத்தில் ஒரு மடிப்பு கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே ஐந்து அங்குலம் போல வரும், போய்த் திரும்பும்போது பத்து அங்குலத் துணி. முந்தானையின் நீளத்தை நீங்கள் குறைக்கவில்லை என்றால் அந்தப் பத்து அங்குலம் வேறெங்கிருந்து வந்திருக்கும்? இரண்டு சுற்றிலும் மிச்சமானதுதான், அப்படியானால் சுற்றளவில் நான்கைந்து அங்குலம் போயிருக்கிறது. இதை மனசைத் தேற்றிக்கொள்வது என்று சொல்லும் தோழி சேலை கட்டுகிறவர்தானே, அவரையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிளவுஸும் அதே சாட்சிதான். டெய்லர் உள்ளே துணி விட்டு இரண்டு மூன்று தையல் போட்டு வைப்பதே நாம் பெருத்துக்கொண்டே போவோம் என்கிற நம்பிக்கையில். பிரிக்கச் சொல்லி வருகிறவர்களையே பார்த்துப் பழகிய ஒருவரிடம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அவர் முகத்தைப் பார்த்தீர்களா?

சரி, மெஷினுக்கு வருவோம். அதன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, அது உங்கள் மொத்தப் பாரத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. அந்தப் பாரத்தில் எலும்பு உண்டு, தசை உண்டு, கொழுப்பு உண்டு, மத்தியானம் சாப்பிட்ட சாப்பாடு உண்டு, எல்லாவற்றையும்விட அதிகமாகத் தண்ணீர் உண்டு. மாவுச்சத்தைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன, அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும். ராத்திரி சாதத்தை நிறுத்திய முதல் இரண்டு வாரம் எடை கடகடவென்று இறங்கியிருக்கும், அதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர். அப்போது கொண்டாடியிருப்பீர்கள். இப்போது நடப்பது அதன் மறுபக்கம்: முந்தின நாள் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் கொஞ்சம் கூடிப்போனால் மறுநாள் காலை மெஷின் ஏறும், மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்கள் ஏறும், வழக்கத்துக்கு மேல் நடந்து தசை வலிக்கும்போதும் ஏறும்.

74.8க்கும் 75.4க்கும் நடுவே 600 கிராம். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது தோராயமாக 7700 கலோரி. அந்த 600 கிராமும் கொழுப்பாக இருக்க வேண்டுமானால் அன்றாடச் செலவுக்கு மேல் 4600 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். ராத்திரி சாதத்தையே நிறுத்தியவர் நீங்கள். அதனால் அந்த ஏற்றத்துக்காக மனம் நோக வேண்டாம், இறக்கத்துக்காகக் குதிக்கவும் வேண்டாம். ராத்திரி எடை பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள், ஒரு நாள் சாப்பாடும் தண்ணீரும் உள்ளே இருக்கும்போது காலையைவிட ஒரு கிலோ கூடக் காட்டினாலும் அதற்கு அர்த்தம் கிடையாது. (அந்தக் காலத்து ரயில் நிலைய மெஷின் இந்த விஷயத்தில் தேவலை. விளக்கு மின்ன, சக்கரம் சுற்ற, காசுக்கு ஓர் அட்டை வந்து விழும், ஒரு பக்கம் எடை, இன்னொரு பக்கம் ஜோசியம். இரண்டையும் சமமாகத்தான் நம்பினோம்.)

கணக்குப் பார்க்கிறவரிடம் இதைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு கம்பெனி எப்படி நடக்கிறது என்று சாயங்காலம் கல்லாவில் இருக்கும் ரொக்கத்தை மட்டும் எண்ணிச் சொல்லிவிடுவீர்களா?

எடை நம் உடம்பைப் பற்றி எவ்வளவு கொஞ்சமாகச் சொல்கிறது என்பதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனில் இருந்த ஜான் யுட்கின் என்ற மருத்துவர், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படத்தோடு 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்கள். உயரத்துக்கும் எடைக்குமான விகிதம், பிஎம்ஐ, இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் ஊர் உடம்பு அப்படி, பார்க்க ஒல்லியாக இருந்துகொண்டே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். அதனால்தான் நமக்கு மெஷினைவிட இடுப்பை அளக்கும் டேப் முக்கியம் என்கிறேன்.

அப்புறம், உங்கள் தோழிக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று, அது நடந்ததும் நம் சென்னையில்தான். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், உங்களைப் போல சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தார்கள், முடிவுகள் 2006இல் வெளிவந்தன. சும்மா பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு அந்த மூன்று வருடத்தில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடை, சாப்பாட்டு மாற்றம் என்று வாழ்க்கை முறையைத் திருத்திக்கொண்டவர்களில் வந்தது சுமார் 39 சதவீதம் பேருக்கு. இதில் கவனிக்க வேண்டியது, இந்த இரண்டாவது கூட்டத்துக்குச் சொல்லும்படியாக எடை குறையவே இல்லை! மெஷின் அசையாமல் நின்ற அதே காலத்தில் அவர்கள் உடம்பு இன்சுலினைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டிருந்தது. இப்படிப்பட்டவர்கள் தினமும் மெஷினில் ஏறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று மூன்றாம் மாதமே நடையை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எடை குறைவதால் பயனில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அமெரிக்காவில் 2002இல் வெளிவந்த இதே மாதிரியான பெரிய ஆய்வில் எடையும் குறைந்தது, நோய் வருவதும் 58 சதவீதம் குறைந்தது. ஆனால் அங்கே அவர்கள் வைத்த இலக்கு என்ன தெரியுமா? ஆரம்ப எடையில் 7 சதவீதம், வாரத்துக்கு 150 நிமிட நடை. 81இல் 7 சதவீதம் 5.67 கிலோ. நீங்கள் குறைத்தது ஆறு. இரண்டரை மாதமாகத் தோற்றுக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அந்த இலக்கைத் தொட்டு அங்கேயே நிலைத்து நின்ற இரண்டரை மாதம் என்றுதான் எனக்குப் படுகிறது. குறைத்ததைத் திரும்ப ஏறாமல் வைத்திருப்பது குறைப்பதைவிடக் கஷ்டம், அதை நீங்கள் பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கிறீர்கள். இன்னும் இறங்கத்தான் வேண்டும் என்றால் இறங்கலாம், 81 கிலோ உடம்பை இறக்கிய சாப்பாடும் நடையும் 75 கிலோ உடம்புக்குச் சரிக்குச் சரியாகிவிட்டது, அவ்வளவுதான். நாற்காலியைப் பிடிக்காமல் உட்கார்ந்து எழுவது, தண்ணீர்க் குடத்தைப் போலக் கனமான எதையாவது தூக்கி இறக்குவது என்று தசைக்கு வேலை கொடுங்கள், தட்டில் பருப்பும் முட்டையும் சுண்டலும் கொஞ்சம் கூடட்டும்.

பழனிக்கு வருகிறேன். 693 படி. அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ள பருமனானவர்களை நடக்கவிட்டு அளந்து 2005இல் எழுதியிருக்கிறார்கள், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் இறங்கும் பாரம் நான்கு கிலோ குறைகிறதாம். அது சமதளத்து நடைக்கான கணக்கு. அதன்படியே உங்கள் ஆறு கிலோவுக்கு ஓர் அடிக்கு 24 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையில் பாதியை மலையடிவாரத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். குறட்டையை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள், நீங்கள் சொன்னது எனக்குச் சந்தோஷம். தொண்டையைச் சுற்றிய கொழுப்பு குறைந்து காற்று போகும் வழி அகலமாகிறபோது நடக்கிற மாற்றம் அது. மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் கண் சொக்குவது குறைந்திருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். இன்னொன்றையும் கண்ணாடியில் பாருங்கள், பின்கழுத்து. அங்கே படியும் கருமையை அழுக்கு என்று நினைத்து எலுமிச்சம்பழமும் கடலைமாவும் போட்டுத் தோல் எரியத் தேய்க்கிற பெண்கள் எத்தனையோ பேர். பெரும்பாலும் அது ரத்தத்தில் இன்சுலின் கூடியதால் தோல் தடித்துக் கறுப்பது. எந்தத் தேய்ப்புக்கும் போகாது, இன்சுலின் இறங்கினால் மெதுவாக வெளுக்கும். தொடை உரசிப் புண்ணாகி ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிற பெண்கள் அது நின்ற நாளை யாரிடமும் சொல்வதில்லை, வெட்கம். என்னைக் கேட்டால் இதெல்லாம் கிலோவுக்கு மேலே.

சொந்தக்காரர்களின் "சுகரா?" பற்றி. நம்மிடம் பூசினாற்போல இருந்தால்தான் சௌக்கியம், இளைத்தால் ஏதோ வியாதி. அந்தக் கேள்வி முழுக்க அபத்தமும் இல்லை. எந்த முயற்சியும் செய்யாமல் ஒருவர் திடீரென்று இளைத்து, தாகமும் களைப்புமாக இருந்தால் ஓடிப்போய்ச் சர்க்கரை பார்க்கத்தான் வேண்டும். உங்களுக்கு ஏன் குறைந்தது என்று உங்களுக்கே தெரியும், "சுகர் வராம இருக்கத்தான் அத்தை" என்று சொல்லிவிட்டு நகருங்கள். ஆனால் ஒன்று, "இளைச்சுட்டே, நல்லா இருக்கே" என்று யாராவது சொன்னாலும் அதை வெற்றிக் கணக்கில் எழுதாதீர்கள். வாடிப் போயிட்டே என்று சொன்ன அதே வாய்தான் அது.

இன்றைய தேதிக்கு நீங்கள் செய்ய வேண்டியது இரண்டுதான். ஜனவரியில் எடுத்த மூன்று மாத சர்க்கரைப் பரிசோதனையை மறுபடி எடுங்கள், ஆறு மாதமாகப் பட்ட பாட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான், அதை எழுதவே இல்லை நீங்கள். அது 6.2ஐவிட ஏறியிருந்தால் இங்கே நான் சொன்ன எதையும் காட்டி டாக்டரிடம் வாதாட வேண்டாம். அப்புறம் ஒரு தையல் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை இயல்பாக விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். மாதம் ஒரு முறை போதும். மெஷினைப் பரணில் போட வேண்டாம், வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், டீ குடிப்பதற்கு முன்னால்.

இனி கல்யாணம். மூன்று கல்யாணத்தில் சாப்பிடாமல் வந்ததை நீங்கள் மற்றவற்றோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது ஒப்பவில்லை. பந்தியைக் கண்டு தப்பி ஓடுகிறவர் இன்னும் பந்திக்குப் பயந்துகொண்டுதான் இருக்கிறார். சாப்பிடாமல் வந்த ராத்திரி வீட்டில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கவும் இல்லை. கூப்பிட்டவர்கள் வீட்டு மனிதர்களுக்கும் அது சங்கடம். ஆடி கழிந்து ஆவணியில் முகூர்த்தங்கள் ஆரம்பித்துவிடும். போய் உட்காருங்கள். பொரியல், கூட்டு, அவியலை முதலில் சாப்பிடுங்கள், சாதம் ஒரு தடவை, ரசத்துக்கு வேண்டுமானால் ஒரு கைப்பிடி, மோருக்கு மறுசாதம் வேண்டாம் என்று இலையின்மேல் கையைக் காட்டிவிடுங்கள். பாயசத்தைக் கப்பில் கேளுங்கள், அதில் பாதி போதும்.