ஸ்கோர் 591, புது கார்டு வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். 2020 ஊரடங்கில் நாலு மாதம் சம்பளம் வரவில்லை, கிரெடிட் கார்டு பாக்கி வட்டியோடு 64,000 ஆகிவிட்டது. அடுத்த வருடம் வங்கியில் பேசி 38,000 கட்டி செட்டில்மெண்ட் முடித்தேன். இப்போது வீட்டுக் கடன் கேட்டால், சிபில் ஸ்கோர் 591 என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு ஏஜெண்ட் 10,000 கொடுத்தால் ஒரே மாதத்தில் 750 ஆக்கித் தருகிறாராம். புது கார்டு வாங்கித் தேய், தானாக ஏறும் என்கிறான் நண்பன். பேசாமல் மனைவி பெயரில் லோன் போட்டுவிடலாமா?

பதில்: தம்பி, அந்த 10,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கீழே அதற்கு ஒரு வேலை இருக்கிறது. சிபில் என்பது நம் கடன் விவரங்களைப் பதிந்து வைக்கும் நிறுவனம். வங்கி அனுப்பிய கணக்கைத்தான் அது காட்டுகிறது, அதைத் திருத்தச் சொல்வதும் அந்த வங்கிதான் என்னும்போது நடுவில் ஏஜெண்ட் என்ன செய்துவிடுவார்? தப்பான பதிவு இருந்தால் சிபில் தளத்தில் நீங்களே புகார் போடலாம், காசு கிடையாது.

உங்கள் விஷயத்தில் பதிவு தப்பில்லை, அதுதான் சிக்கல். 38,000 கட்டியதும் வசூலுக்கு வந்தவர் "முடிஞ்சுது சார்" என்று கைகுலுக்கியிருப்பார். ஆனால் கட்டாமல் விட்ட 26,000 ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ என்ற ஒரு வார்த்தையாக உட்கார்ந்திருக்கிறது. லோன் ஆபீசர் அதைப் படிப்பது, இவர் முழுசாகக் கட்டாதவர் என்றுதான். அதனால் புது கார்டுக்கு முன்னால் பழைய கார்டு. அந்த வங்கிக்குப் போய், மீதியைக் கட்டினால் கணக்கை ‘க்ளோஸ்டு’ என்று மாற்றுவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும். கட்டியபின் பாக்கியில்லாச் சான்று வாங்காமல் அங்கிருந்து எழுந்திருக்காதீர்கள். ஏஜெண்டுக்குப் போக இருந்த 10,000 இங்கே போகட்டும்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நாலு நிறுவனங்களும் வருடம் ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. உள்ளே மாதத்துக்கு ஒரு கட்டமாக இருக்கும், 000 என்றால் பாக்கி இல்லை, 090 என்றால் 90 நாள் தாமதம். எனக்கே ஒருமுறை நடந்தது. அலமாரியில் தூங்கிய ஒரு கார்டுக்கு 499 ரூபாய் ஆண்டுக் கட்டணம், ஜிஎஸ்டியோடு 588 ரூபாய் 82 காசு. பழைய மொபைல் நம்பருக்கு எஸ்எம்எஸ் போய்க்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவே இல்லை, கடைசியில் அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சரி, கார்டுக்கு வருவோம். 591-ஐ வைத்துக்கொண்டு நாலு வங்கியில் சாதாரண கார்டு கேட்டால் நாலும் மறுக்கும், கடன் கேட்டதாக நாலு விசாரணையும் ரிப்போர்ட்டில் ஏறி ஸ்கோரை இன்னும் இறக்கும். உங்களுக்கு ஏற்றது எஃப்டி கார்டு. 20,000 ரூபாயை டெபாசிட் போட்டு அதன் மேல் கார்டு கேட்டால், பணம் அவர்கள் கையில் இருப்பதால் ஸ்கோரை அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள், டெபாசிட்டுக்கு வட்டியும் வரும். லிமிட் 18,000 கிடைத்ததாக வைத்துக்கொண்டால், மாதம் 5,000-ஐத் தாண்டாதீர்கள். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. ஈபி பில் ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் இதற்குச் சரிப்படாது. மளிகை, கேஸ் சிலிண்டர், மொபைல் ரீசார்ஜ் போல மாதாமாதம் எப்படியும் செலவாவதைக் கார்டில் போடுங்கள், அந்தக் காசைச் சம்பளத்திலேயே தனியாக எடுத்து வையுங்கள். பில் வந்ததும் முழுத் தொகையும் தானாகக் கட்டும்படி ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள்.

முழுத் தொகை என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆட்டோ டெபிட் படிவத்தில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்றும் ஒரு கட்டம் இருக்கும். 10,000 ரூபாய் பில்லுக்கு 500 கட்டினால் போதும் என்று காட்டும். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால், மீதி 9,500-க்கு வட்டியும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து சுமார் 390. நீங்கள் கட்டிய 500-ல் கடன் குறைந்தது நூற்றிச் சொச்சம்தான்! அதுவும் போக, பாக்கி வைத்துவிட்டால் அடுத்து வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்களும் போய்விடும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டு ரொக்கம் எடுப்பது, கடையில் கமிஷன் கொடுத்துத் தேய்த்துக் காசு வாங்குவது, மச்சானுக்கு ஃபோன் எடுத்துக் கொடுப்பது எதுவும் இந்தக் கார்டில் வேண்டாம்.

ஆறு மாதத்தில் ஸ்கோர் அசையத் தொடங்கும், வீட்டுக் கடன் கேட்கும் அளவுக்கு வர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். எத்தனை புள்ளி ஏறும் என்று யாராவது கணக்குச் சொன்னால் அவர் அடுத்த ஏஜெண்ட்.

மனைவி சம்பாதிக்கிறவராக இருந்து, அவர் வருமானத்துக்கே கடன் கிடைக்குமென்றால் தாராளமாக அவர் பெயரில் போடலாம். உங்கள் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினால் நீங்கள் இணை விண்ணப்பதாரர், அப்போது உங்கள் 591-ஐயும் பார்ப்பார்கள். முதலில் ரிப்போர்ட்டை இறக்கிப் பாருங்கள். அந்தப் பழைய பாக்கியை வங்கி வேறு நிறுவனத்துக்கு விற்றிருந்தால் மறுபடி எழுதுங்கள், யாரிடம் போய்க் கட்டுவது என்பது அப்போது வேறு கதை.