கேள்வி–பதில்: எலும்புப் பிடியில் ஏறிய சாயம்

மடக்குக்கத்தி சேகரிப்பைப் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் அலகின் உருக்கைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் சாயமேற்றிய எலும்புப் பிடியைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். இதில் எனக்கு வியப்பில்லை. அலகை யார் வேண்டுமானாலும் தீட்டிக்கொள்ளலாம். பிடியில் ஒருமுறை வந்த நிறத்தை மறுமுறை அப்படியே வரவழைப்பதோ, அதைச் செய்த ஆலைக்கே எளிதாக இருந்ததில்லை.

கேள்வி: ஒரே ஆலையில், ஒரே மாதிரி எண்ணில் செய்யப்பட்ட இரண்டு கத்திகள் என்னிடம் உள்ளன. ஒன்றின் பிடி தேன் நிறம்; மற்றொன்று மாதுளை முத்துப் போலச் சிவந்திருக்கிறது. இவற்றில் ஒன்று போலியாக இருக்குமோ?

பதில்: அப்படி இருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், பழைய கத்திகள் பத்தை வரிசையாக வைத்து, பத்தும் அச்சில் வார்த்ததுபோல ஒரே நிறத்தில் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

பிடிக்குப் பெரும்பாலும் பயன்படுவது மாட்டின் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு. உடலிலுள்ள எலும்புகளில் இதன் சுவர்தான் பட்டையாக அறுக்கப் போதிய தடிமனும் நேர்த்தியும் உடையது. இதைக் கொதிக்கவைத்துக் கொழுப்பை அகற்றி, உலர்த்தி, பட்டைகளாக அறுத்து, சுழலும் வெட்டுப்பல்லைக் கொண்டு மேற்பரப்பில் சிறு சிறு பள்ளங்களைக் கொத்துகிறார்கள். ஆலை வழக்கில் இந்தக் கொத்துவேலைக்கு ஜிக்கிங் என்று பெயர். சாயக் கரைசல் சூடாக இருக்கும்போது பட்டைகளை அதில் ஊறவைக்கிறார்கள். எலும்பு துணியைப்போலச் சீராகச் சாயத்தைக் குடிப்பதில்லை. அதன் வெளிப்புறம் நெருக்கமானது, மச்சைக்கு அருகிலுள்ள உட்புறம் துளை மிகுந்தது. விலங்கின் வயதுக்கேற்ப இந்த நெருக்கம் மாறும். எங்கேனும் சிறிது கொழுப்பு எஞ்சியிருந்தால் அந்த இடம் சாயத்தைத் தள்ளிவிடும். காலையில் கலக்கிய தொட்டியும் பல தடவை பட்டைகளை முக்கியெடுத்த தொட்டியும் ஒரே நிறத்தைத் தருவதில்லை. இவ்வளவுக்கும் பிறகு, கத்தியில் பொருத்திய பட்டையைத் துணிச்சக்கரத்தில் மெருகேற்றும்போது மேடுகளிலும், பிடியின் நுனியிலுள்ள உலோக முனைகளை ஒட்டிய ஓரங்களிலும் சாயம் சற்றுத் தேய்ந்து வெளிறுகிறது. ஆக, ஒரே கத்தியின் முன்பக்கமும் பின்பக்கமும்கூட வெவ்வேறு எலும்புகளிலிருந்து வந்த பட்டைகளாக இருக்கக்கூடும்.

உங்கள் தேன்நிறக் கத்தியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் இன்னும் சிவப்பாக இருந்தால், அது பல ஆண்டுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பக்கம் வெளிச்சத்தைப் பார்த்தபடி கிடந்திருக்கலாம். எலும்பில் ஏறிய சாயங்கள் பலவும் வெயிலுக்குத் தாங்காதவை.

கேள்வி: ‘பச்சை எலும்பு’, ‘சிவப்பு எலும்பு’ என்று சேகரிப்பாளர்கள் பெரிதாகப் பேசுகிறார்களே, அவை தனி வகைகளா? அவற்றின் காலத்தை எப்படிக் கணிப்பது?

பதில்: இந்தப் பெயர்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்ட் நகரிலுள்ள கேஸ் ஆலையின் கத்திகளைக் குறித்துச் சொல்லப்படுபவை. பச்சை எலும்பு அங்கே 1950களின் நடுப்பகுதி வரை வழக்கத்தில் இருந்தது. பெயர்தான் பச்சை, கையில் எடுத்துப் பார்த்தால் காய்ந்த பாசியிலிருந்து பழுப்பு வரை எந்தச் சாயலும் இருக்கும். சிவப்பு எலும்பின் கதை வேறு. அது விலைப்பட்டியலில் தனி நிறமாக அறிவிக்கப்பட்டதன்று. பழுப்புச் சாயமேற்றும்போது சில தொகுதிகள் சிவந்துவிட்டதால் நேர்ந்தது என்பதே சேகரிப்பாளர்களிடையே நிலவும் பரவலான கருத்து. ஆலைக்காரருக்கு அன்று சற்று எரிச்சலாகக்கூட இருந்திருக்கக்கூடிய ஒன்றை இன்று நாம் தேடி அலைகிறோம்.

காலத்தைக் கணிக்க நிறத்தை நம்பாதீர்கள். அலகு பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியிலுள்ள முத்திரையைப் படியுங்கள். கேஸ் கத்திகளில் 1940 முதல் 1964 வரை ‘கேஸ் எக்ஸ் எக்ஸ்’ என்று மட்டும் இருக்கும். 1965 முதல் 1969 வரை அதனுடன் ‘யு.எஸ்.ஏ.’ சேர்ந்தது, 1970இல் பத்துப் புள்ளிகளை இட்டு, ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்து 1979இல் ஒற்றைப் புள்ளியில் நிறுத்தினார்கள். ஏழு புள்ளிகள் இருந்தால் அது 1973ஆம் ஆண்டுக் கத்தி. எழுபதுகளின் புள்ளிகளைத் தாங்கிய அலகோடு ‘அந்தக் காலத்துப் பச்சை எலும்பு’ என்று ஒருவர் விற்க வந்தால், பிடி மாற்றப்பட்டதோ, நிறம் பின்னால் ஏற்றப்பட்டதோ என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முத்திரையின் மறுபக்கத்தில் உள்ள எண்ணும் உதவும். 6254 என்றால் முதல் இலக்கமான 6 கொத்துவேலை செய்த எலும்பைக் குறிக்கிறது. 2 என்பது அலகுகளின் எண்ணிக்கை. 54 என்பது டிராப்பர் எனப்படும் மாதிரியின் எண். ஒரு தொல்லை என்னவென்றால், எலும்பைப்போலத் தோன்றும் டெல்ரின் என்ற பிளாஸ்டிக் பிடி வந்த பிறகும் ஆலை அதே 6ஐத் தொடர்ந்து பயன்படுத்தியது. அடுத்த கடிதம் அதைத்தான் கேட்கிறது.

கேள்வி: டெல்ரினையும் எலும்பையும் பார்த்தவுடன் பிரித்தறிய முடியுமா? சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்கிறார்கள்.

பதில்: ஊசியை முதலில் கீழே வையுங்கள். அது பிடியில் ஆறாத வடுவை ஏற்படுத்தும். அந்தப் பிடி செல்லுலாய்டு என்ற பழங்காலப் பிளாஸ்டிக்காக இருந்துவிட்டால் தீப்பற்றவும் கூடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். உயிருள்ளபோது எலும்புக்குள் இரத்தம் ஓடிய நுண்ணிய கால்வாய்கள், அறுத்து மெருகிட்ட பிறகும் கருத்த புள்ளிகளாகவோ தலைமுடித் துண்டு போன்ற குட்டிக் கோடுகளாகவோ தெரியும். சாயம் அவற்றில் தேங்கி நிற்பதால் இன்னும் எடுப்பாகத் தெரியும். டூபாண்ட் நிறுவனம் 1960ஆம் ஆண்டு வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்த டெல்ரின், அச்சில் வார்க்கப்படும் பிளாஸ்டிக். அதில் இந்தப் புள்ளிகள் இருக்கா. அதே மாதிரியின் இரண்டு டெல்ரின் பிடிகளை அருகருகே வைத்தால் ஒவ்வொரு பள்ளமும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தும். எலும்பில் அந்த ஒற்றுமை வராது.

கேள்வி: ஷெஃபீல்டு நகரில் செய்த கத்தி ஒன்றில் ‘இங்கிலாந்து’ என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது நூறாண்டுக்கு மேற்பட்டது என்று கொள்ளலாமா?

பதில்: அந்தச் சொல்லால் மட்டும் அவ்வாறு சொல்ல முடியாது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அது 1891 மார்ச்சிலிருந்து நடைமுறைக்கு வந்தது. எனவே உங்கள் கத்தி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. எவ்வளவு பிற்பட்டது என்பதை அந்தச் சொல் காட்டாது. அந்தச் சொல் இல்லாத கத்தியெல்லாம் பழையது என்றும் முடிவு கட்டாதீர்கள். வேறு நாடுகளுக்குப் போனவற்றுக்கு அந்தச் சட்டக் கட்டாயம் இருக்கவில்லை.

கேள்வி: பிற்காலத்தில் மீண்டும் சாயமேற்றிய பிடியை எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் ஏமாந்தது உண்டா?

பதில்: உண்டு, அதுவும் நன்றாகவே. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விற்பனையாளரிடம், படத்தை மட்டும் பார்த்து, மூன்று அலகுள்ள ஸ்டாக்மேன் மாதிரிக் கத்தி ஒன்றைப் பச்சை எலும்பு என்று நம்பி வாங்கினேன். வந்த அன்றே பிடித்துப்போயிற்று. அவ்வளவு சீரான பச்சை. மறுநாள் கீல்களுக்கு எண்ணெய் விட்டு, வழிந்ததைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தபோது பஞ்சு இளம்பச்சையாக மாறியது. ஐம்பது ஆண்டு கைபட்ட சாயம் ஒரு துளி எண்ணெய்க்குக் கரைந்து வரக் காரணமே இல்லை.

அப்புறம்தான் லென்ஸை எடுத்தேன். பிடியைப் பிணைக்கும் ஆணித் தலைகளைச் சுற்றி மெல்லிய பச்சை வளையம் படிந்திருந்தது. பித்தளை உள்தகட்டின் விளிம்பிலும் ஓரிடத்தில் சாயம் வழிந்து காய்ந்திருந்தது. ஆலையில் சாயமேற்றுவது பட்டைக்கு. உலோகத்தோடு சேர்ப்பது அதன் பிறகு. ஆகவே உலோகத்தின் மேல் சாயம் இருந்தால், கத்தி முழுமையடைந்த பிறகே அது பூசப்பட்டது. இன்னொன்றையும் அன்று கவனித்தேன். பல ஆண்டு சட்டைப்பையில் கிடந்த கத்தியில் மேடுகள் தேய்ந்து வெளிறி, பள்ளங்களின் அடியில்தான் நிறம் அடர்ந்து நிற்கும். என் கத்தியில் அலகுகள் தீட்டித் தீட்டி ஒடுங்கியிருந்தன. உலோக முனைகள் கீறலாகக் கிடந்தன. பிடி மட்டும் மேடும் பள்ளமும் ஒரே பச்சையில், நேற்றுத் தொட்டியிலிருந்து எடுத்ததுபோல இருந்தது. பிடியின் வயதும் அலகின் வயதும் ஒத்துப்போகின்றனவா என்று முதலிலேயே பார்த்திருந்தால் போதும். நான் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

அந்தக் கத்தியைத் திருப்பி அனுப்பவில்லை. இந்தப் பாடத்தைப் புதியவர்களுக்குக் காட்ட அதைவிடச் சிறந்த பொருள் என்னிடம் இல்லை.

கேள்வி: என் கத்திகள் சிலவற்றில் ஆணியை ஒட்டி மயிரிழை போல விரிசல் தெரிகிறது. எப்படிப் பாதுகாப்பது?

பதில்: எலும்பு ஈரத்தை வாங்கினால் சற்று விரியும், காய்ந்தால் சுருங்கும், ஆணியோ நகராது. அந்த இழுபறியில் விரிசல் ஆணியருகே தொடங்குகிறது. கத்தியைத் தண்ணீரில் ஊறவைப்பதும், அடுப்பருகே, விளக்கடியில் வைப்பதும் கூடாது. துடைத்து, கீல்களில் மட்டும் ஒரு துளி மினரல் எண்ணெய் விட்டு, வெப்பமும் ஈரமும் அதிகம் மாறாத இடத்தில் வையுங்கள். விரிசலை மறைக்க உடனடிப் பசையை ஊற்றாதீர்கள். அது பளபளப்பான கறையாக நிலைத்து, விரிசலைவிட அசிங்கமாகத் தெரியும்.

தோலுறையில் நெடுநாள் போட்டு வைக்காதீர்கள். தோல் பதனிடும்போது தங்கிய அமிலமும் தோல் இழுக்கும் ஈரமும் சேர்ந்து உலோக முனைகளில் பச்சைக் களிம்பையும் அலகில் துருவையும் உண்டாக்கும். அதைவிட முக்கியமான எச்சரிக்கை: செல்லுலாய்டு பிடியுள்ள கத்தி எதையும் எலும்புப் பிடிக் கத்திகளோடு ஒரே பெட்டியில் பூட்டாதீர்கள். செல்லுலாய்டு சிதையத் தொடங்கினால் வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் காற்றிலுள்ள ஈரத்தோடு அமிலமாக மாறிப் பக்கத்துக் கத்திகளின் அலகையும் அரித்துவிடும். பெட்டியைத் திறந்தவுடன் கற்பூர வாசனை தூக்கலாக அடித்தாலோ, காரணம் தெரியாமல் ஒரு மூலையிலுள்ள கத்திகள் மட்டும் துருப்பிடித்தாலோ, முதலில் அந்த மூலையில் செல்லுலாய்டு இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: புதிதாகத் தொடங்குகிறேன். எதைச் சேர்ப்பது?

பதில்: எல்லா மாதிரிகளிலும் ஒவ்வொன்று என்று தொடங்கியவர்கள் இரண்டு ஆண்டுகளில் சலித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே மாதிரியை எடுத்துக்கொண்டு எலும்பின் நிறத்தை மட்டும் மாற்றிச் சேருங்கள். அலகும் அளவும் மாறாதபோது கண் தானாகவே சாயத்தின் ஆழத்தையும் கொத்துவேலையின் போக்கையும் படிக்கப் பழகும். என் பரிந்துரை, உலோக முனை நீண்டு கைப்பிடியில் எலும்பின் பகுதி குறுகிய பார்லோ மாதிரி. குறைந்த இடத்தில் சாயம் என்ன செய்திருக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும். பழைய கத்திகள் கிடைக்காவிட்டால், பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் நகரில் 2006இல் தொடங்கப்பட்ட கிரேட் ஈஸ்டர்ன் ஆலை பழைய மாதிரிகளையே எலும்புப் பிடியில் செய்து வருகிறது. ஒரு கத்தியைப் புதிதாகவே வாங்கி, வெளிச்சத்தில் வைக்காமல் அன்றாடம் பயன்படுத்துங்கள். வாங்கிய அன்றே இரண்டு பக்கத்தையும் நிழலில் படமெடுத்து வைத்துக்கொண்டால், மேடுகள் எப்போது வெளிறத் தொடங்கின என்பதைப் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.