கையில் கட்டிய கணக்குப்பிள்ளை: கேள்வி பதில்

மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிற எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் கையில் இப்போது, காலடியும் நாடித்துடிப்பும் எண்ணிக் காட்டுகிற ஃபிட்னஸ் பேண்ட் இருக்கிறது. மீதிப் பேர் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவன் என்பதால் சந்தேகமெல்லாம் என்னிடம் வந்து சேருகிறது. நடந்துகொண்டே பதில் சொன்னால் மூச்சு வாங்குகிறது. துண்டுச் சீட்டில் எழுதித் தாருங்கள் என்றேன். வந்த சீட்டுகளுக்கு என் பதில்கள் இவை.

ஒத்தக்கடை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிக்க மனம் வரவில்லை. அதற்குள் உருப்படியாகக் கிடைக்குமா? விலை கூடினால் என்ன கூடுகிறது?

கிடைக்கும் ஐயா. எந்த விலைப் பேண்டாக இருந்தாலும் அதற்கு நேரடியாகத் தெரிந்த விஷயம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, உங்கள் கை எப்படி ஆடுகிறது என்பது. உள்ளே அரிசி மணி அளவில் ஒரு சில்லு இருந்து அதைப் பார்க்கிறது. இரண்டாவது, அடிப்பக்கம் மின்னுகிற பச்சை வெளிச்சம் தோலுக்குள் போய் எவ்வளவு திரும்பி வருகிறது என்பது. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பும் ஒளி கூடிக் குறையும். அதை எண்ணி நாடித்துடிப்பு சொல்கிறது. காலடி, தூரம், கலோரி, தூக்கம், மன அழுத்தம் என்று திரையில் வரிசை கட்டுகிற மற்றதெல்லாம் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. நல்ல கணக்குப்பிள்ளைதான், ஆனால் கணக்குப்பிள்ளை மட்டும்தான்.

ஷாவ்மி நிறுவனம் 2014-இல் விட்ட முதல் மி பேண்டில் திரையே கிடையாது. மூன்று சிறு விளக்குகள், காலடிக் கணக்கு, அவ்வளவுதான். இன்று உங்கள் இரண்டாயிரத்துக்குள் திரையும் வருகிறது, நாடித்துடிப்பும் வருகிறது. மேலே கொடுக்கிற பணம் பெரும்பாலும் பளிச்சென்ற அமோலெட் திரைக்கும், கைப்பேசி இல்லாமலே வழியைப் பதியும் ஜிபிஎஸ்ஸுக்கும், உலோகச் சட்டத்துக்கும் போகிறது. உங்களுக்கு ஜிபிஎஸ் வேண்டாம். திரையை மட்டும் பாருங்கள். கடைக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லாத் திரையும் அழகுதான். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். மலிவான திரைகளில் பல, காலை ஏழரை மணி மதுரை வெயிலுக்கே வெளுத்துவிடும்.

இன்னொன்றும் கேளுங்கள்: இதற்கு மாற்று ஸ்ட்ராப்பும் தனி சார்ஜரும் கிடைக்குமா? கிடைக்காது என்றால் வாங்க வேண்டாம். என் மேசைக்கு வருகிற பேண்டுகளில் பாதி உயிரோடு இருப்பவை. அறுந்த வாருக்கும் தொலைந்த சார்ஜருக்கும் வழியில்லாமல் வருகிறவை.

மாட்டுத்தாவணி, பூ கட்டும் அக்கா: மகள் வாங்கிக் கொடுத்தாள். உட்கார்ந்த இடத்தில் மல்லிகை கட்டுகிறேன். எழுந்து பார்த்தால் நானூறு, ஐந்நூறு அடி நடந்ததாகக் காட்டுகிறது. பழுதா?

பழுதில்லை அக்கா. நீங்கள் பூ கட்டுவதை ஒருநாள் நின்று பார்த்தேன். இடது கையில் நான்கு மொட்டு, வலது கை நாரைச் சுழற்றி ஒரு முடிச்சு, இழுப்பு. மறுபடி நான்கு மொட்டு, ஒரு முடிச்சு. தாளம் தப்புவதே இல்லை. பேண்டுக்குக் கால் தெரியாது. சீரான கை அசைவுதான் தெரியும். ஒன்றிரண்டு அசைவை இது நடையல்ல என்று தள்ளிவிடும்படிதான் செய்திருக்கிறார்கள். சீராகத் தொடர்ந்து வந்தால் அதுவும் நம்பிவிடும். முடிச்சுப் போடாத இடது கைக்கு மாற்றுங்கள், பெருமளவு குறையும். அதற்கும் அடங்காவிட்டால் பூக்கூடை முன்னால் உட்காரும்போது கழற்றி வைத்துவிடுங்கள்.

கீழமாசி வீதி, மொத்த மளிகைக் கடை ஊழியர்: எனக்கு நேர் எதிர். நாள் முழுக்கத் தள்ளுவண்டியில் மூட்டை தள்ளுகிறேன். ஆயிரத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

தள்ளும்போது கை வண்டிப்பிடியில் நிற்கிறது. அதனால் நீங்களும் நிற்பதாகக் கணக்கு. வேலை நேரத்தில் பேண்டைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது கணுக்காலில் கட்டுங்கள். நாடித்துடிப்பு அங்கே ஒழுங்காக வராது, காலடி வரும். இடுப்பில் குடத்தை அணைத்துக்கொண்டு நடப்பவர்களுக்கும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

அனுப்பானடி, இல்லத்தரசி: நானும் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வருகிறோம். எனக்கு 1,900 அடி, அவருக்கு 1,650. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். தெப்பக்குளம் ஏறத்தாழ ஆயிரம் அடிக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது அடி (இது அளவுகோல் அடி, காலடி அல்ல). கரையை ஒட்டி ஒரு சுற்று வந்தால் சுமார் 1.2 கிலோமீட்டர். நீங்கள் எடுத்து வைக்கும் எட்டு சிறியது, அவருடையது பெரியது. அவர் ஆறு எட்டு வைக்கும்போது நீங்கள் ஏழு வைக்கிறீர்கள்.

ஆனால் பேண்டைச் சோதிக்காமல் விடாதீர்கள். நான் செய்தது இது: இடது பையில் பத்துப் புளியங்கொட்டை போட்டுக்கொண்டேன். நூறு அடி எண்ணியதும் ஒரு கொட்டை வலது பைக்கு. பேச்சுக் கொடுக்க வந்தவர்களுக்குத் தலையாட்டல்தான். பத்துக் கொட்டையும் மாறியபோது கையில் இருந்த பேண்ட் 968 காட்டியது. நூற்றுக்கு மூன்று தவறினால் அந்த விலைக்கு அது நல்ல பேண்ட். 800 என்றோ 1,200 என்றோ காட்டினால் கடைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள்.

தூரம் தனிக் கதை. ஜிபிஎஸ் இல்லாத பேண்ட் உங்கள் உயரத்தை வைத்து எட்டின் நீளத்தை ஊகித்து, காலடியால் பெருக்கிச் சொல்கிறது. ரேஸ்கோர்ஸ் மைதானத்து ஓடுதளத்தில் உள்வரிசையில் ஒரு சுற்று 400 மீட்டர். அதை எத்தனை அடியில் முடிக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 580 என்றால் உங்கள் எட்டு 69 சென்டிமீட்டர். பேண்டுக்கான கைப்பேசிச் செயலியில் எட்டின் நீளம் பதிய இடமிருந்தால் அங்கே போட்டுவிடுங்கள்.

வண்டியூர், வங்கி ஊழியர்: தினம் பத்தாயிரம் அடி கட்டாயமா? ஒன்பதாயிரத்தில் நின்றால் இரவு வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறேன். மனைவி திட்டுகிறாள்.

மனைவி பக்கம்தான் நான். பத்தாயிரம் என்பது மருத்துவர்கள் அளந்து சொன்ன எல்லையாகப் பிறக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு ஆண்டு, 1965-இல், ஒரு ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் காலடிமானி ஒன்றை விற்றது. அதன் பெயர் 'மன்போ-கேய்', பத்தாயிரம் அடி மானி என்று பொருள். அந்தப் பெயர் நின்றுவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு. அதாவது பேச முடிகிற, பாட முடியாத வேகத்தில் தினம் அரைமணி, வாரம் ஐந்து நாள். முதல் வாரம் எதையும் மாற்றாமல் பேண்டைக் கட்டிக்கொண்டு இருங்கள். சராசரி நாலாயிரம் வந்தால் அடுத்த வாரம் ஐயாயிரம் என்று வையுங்கள்.

கே.கே. நகர், மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வி: ரத்த அழுத்தமும் சர்க்கரையும் காட்டும் பேண்ட் 1,200 ரூபாய்க்கு வருகிறதே, வாங்கலாமா?

வேண்டாம். என் கடைக்கு வந்த அப்படியொரு பேண்டை, மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த வெள்ளரிக்காயில் கட்டிப் பார்த்தேன். நாடித்துடிப்பு 78 வந்தது. அதைக்கூட மன்னிக்கலாம், ஒளியை வைத்து எண்ணுகிற எந்தக் கருவியும் சில நேரம் அப்படி ஏமாறும். அடுத்து ரத்த அழுத்தம் 118/76 என்றது. வெள்ளரிக்காய் என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது என்று எடுத்து நறுக்கிவிட்டேன்.

ரத்த அழுத்தத்தைச் சரியாகப் பார்க்க மேல்கையில் பட்டை சுற்றிக் காற்றடிக்க வேண்டும். கடிகார வடிவில் அதற்கு முயன்ற நல்ல கருவிகளும் உண்டு. அவற்றில் சில வாருக்குள்ளேயே காற்று நிரப்புகின்றன. சில அவ்வப்போது காற்றுப்பட்டைக் கருவியோடு ஒப்பிட்டுத் திருத்தச் சொல்கின்றன. விலையும் வேறு. ஏறக்குறைய நீங்கள் சொல்லும் பணத்துக்கே மேல்கைக் கருவி ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும், அதை வாங்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

சர்க்கரை இன்னும் ஆபத்து. தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படி எதற்கும் அது அனுமதி தந்திருக்கவில்லை. பேண்ட் காட்டிய எண்ணை நம்பி ஒருவர் இன்சுலினைக் கூட்டிக் குறைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

தல்லாகுளம், தம்பி ஒருவர்: ஓடும்போது நாடித்துடிப்பு 80 என்று நிற்கிறது, திடீரென 170-க்குத் தாவுகிறது. அப்புறம், 320 கலோரி எரித்ததாகக் காட்டினால் ஒரு ஜிகர்தண்டா குடிக்கலாமா?

கட்டும் இடம் தவறு தம்பி. மணிக்கட்டு எலும்பு மேல் கட்டினால் வெளிச்சம் வெளியே கசியும். எலும்பிலிருந்து இரண்டு விரல் அளவு முழங்கைப் பக்கம் ஏற்றி, கை வீசும்போது வழுக்காத அளவுக்கு இறுக்குங்கள். ஓட்டம் முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். அந்த இடத்தில் கரும்பச்சை குத்தியிருந்தால் மறு கையில் கட்டுங்கள், மை ஒளியை விழுங்கும். 220-இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்பது தோராயம்தான். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் உங்கள் அப்பாவுக்கு அதைப் பொருத்தாதீர்கள். சில மாத்திரைகள் துடிப்பைக் குறைத்தே வைத்திருக்கும்.

ஜிகர்தண்டா குடியுங்கள், ஆனால் பேண்டிடம் அனுமதி கேட்காதீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017-இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு, நாடித்துடிப்பில் ஐந்து சதவீதத்துக்குள் தவறின. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். விலை கூடிய கருவிகளுக்கே அந்தக் கதி.

புதூர், கல்லூரி மாணவி: வார் கட்டிய இடம் சிவந்து அரிக்கிறது.

சித்திரை வெயிலில் பாதிப் பேருக்கு இதுதான். பெரும்பாலும் வியர்வையும் சோப்பு நுரையும் வாருக்கு அடியில் தங்கி ஊறுவதால் வருவது. குளித்ததும் கழற்றி, வாரையும் கையையும் தனித்தனியாகத் துடைத்துக் காயவிட்டுக் கட்டுங்கள். இரவில் ஒரு துளை தளர்த்துங்கள். கொக்கி படும் இடத்தில் மட்டும் சிவந்தால் அந்த உலோகத்தில் உள்ள நிக்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகப்படலாம். கொக்கியில்லாத வாராக மாற்றுங்கள். ஒரு வாரத்தில் ஆறாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கம், விவசாயி மகன்: பெட்டியில் 5 ஏடிஎம், 50 மீட்டர் என்று போட்டிருக்கிறது. எங்கள் கிணறு 50 அடிதான். கட்டிக்கொண்டு குதிக்கலாமா?

நீந்தலாம், குதிக்க வேண்டாம். ஏடிஎம் என்பது காற்றழுத்த அளவு. 50 மீட்டர் என்பது ஆழத்துக்குக் கொடுத்த உரிமம் அல்ல. அசையாத நீரில், சோதனைக் கூடத்தில் அந்த அளவு அழுத்தம் தாங்கியது என்று பொருள். கிணற்று மேட்டிலிருந்து பாய்ந்தால் கை தண்ணீரில் அறைகிற அந்தக் கணத்தில் அழுத்தம் எகிறும். ரப்பர் வளையமும் வயதாக ஆக விறைத்துப்போகும். வெந்நீரும் சோப்பும் அதைச் சீக்கிரம் கெடுக்கும். அதோடு, வார் அறுந்தால் அடியில் சேற்றில் தேடப் போவது நீங்கள்தான்.

திருப்பரங்குன்றம், கோவில் அருகே கடை வைத்திருப்பவர்: கிரிவலம் போகும்போது கைப்பேசியை வீட்டில் வைத்துவிடுகிறேன். நடந்த கணக்கு போய்விடுமா?

போகாது. பேண்ட் தனக்குள் வைத்திருந்து, வீட்டுக்கு வந்து செயலியைத் திறந்ததும் ஒப்படைத்துவிடும். பேண்டில் ஜிபிஎஸ் இல்லையென்றால் வழித்தடம் மட்டும் வரைபடத்தில் வராது. திறந்தும் வரவில்லை என்றால் கைப்பேசியின் பேட்டரி சிக்கனம், பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்தியிருக்கும். அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

பெயர் எழுதாத சீட்டு: சார்ஜர் தொலைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சார்ஜர் ஒட்டுகிறது, ஆனால் ஏறவில்லை.

காந்தம் எல்லாவற்றையும் ஒட்டவைக்கும். உள்ளே முனைகள் பொருந்தாது. இரண்டு முனையும் இடம் மாறிப் படிந்தால் பேண்டே போய்விடலாம், உடனே நிறுத்துங்கள். மாடல் எண் பேண்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு நாளைக் காலை தெப்பக்குளத்துக்கு வாருங்கள், என் பையில் பூதக்கண்ணாடி இருக்கும்.