மூக்கில் ரத்தம் சொட்டினால் நாளை வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு நான்கு வயது. மூன்று நாட்களாகச் சோற்றைத் தொடவில்லை. இன்று காலை மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. காதுக்குள் உண்ணிகள் இருக்கின்றன. பாரசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கச் சொல்கிறார்கள் பக்கத்து வீட்டார். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவலாமா? வீட்டில் பூனையும் வளர்க்கிறோம். – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இன்றே நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், அம்மா. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, உங்களுக்குத் தொலைவில்லை.

நீங்கள் சொல்வதைக் கேட்டால் உண்ணிக் காய்ச்சல் என்றே சந்தேகப்படுகிறேன். உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற பாக்டீரியா உடலுக்குள் புகுந்து வெள்ளை அணுக்களில் குடியேறுகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் சரிந்துவிடுகின்றன. மூக்கில் ரத்தம் வருவது பெரும்பாலும் அதனால்தான். உண்ணி பரப்பும் பெபீசியா என்ற இன்னொரு கிருமி சிவப்பணுக்களை உடைக்கும். அப்போது சிறுநீர் காபி நிறத்தில் போகலாம். எது என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும், மருந்தும் அதைப் பொறுத்து மாறும். எலி மருந்து தின்ற நாய்க்கும் இப்படி ரத்தம் வரும். வீட்டில் வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அந்தப் பாக்கெட்டையும் எடுத்துப்போங்கள்.

கிளம்பும் முன் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்துவிட்டது. ஈறு இயல்பிலேயே கறுப்பு என்றால் கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். பிறகு தொடை இடுக்கு. கொசுக்கடி போன்ற சிவப்புப் புள்ளிகள் அங்கே இருந்து, விரலால் அழுத்தியும் மறையாவிட்டால், தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது என்று பொருள்.

பாரசிட்டமால் வேண்டாம். மனிதருக்கான காய்ச்சல், வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். பூனைக்கோ ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரையே உயிரைப் பறிக்கும். அந்த மருந்தின் நஞ்சை முறிக்கும் திறன் அதன் ஈரலுக்கு மிகக் குறைவு.

எர்லிக்கியா என்று உறுதியானால் வழக்கமாக டாக்ஸிசைக்ளின் தருவார்கள், 28 நாட்களுக்கு. இரண்டு மூன்று நாளில் நாய் எழுந்து வாலாட்டும், தட்டை நக்கும். சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். எத்தனையோ பேரிடம் கெஞ்சியிருக்கிறேன், உங்களிடமும் கெஞ்சுகிறேன்: நிறுத்தாதீர்கள். கிருமி உடலுக்குள் பதுங்கியிருந்து, மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் நோயாகத் திரும்பலாம். அப்போது காப்பாற்றுவது மிகக் கடினம். மாத்திரையைச் சோற்றோடு கொடுங்கள், பின்னால் தண்ணீர் குடிக்க வையுங்கள். தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். பாலில் கரைக்க வேண்டாம், சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும்.

மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், நாய் நக்கினால் நஞ்சு. உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், விரலால் நசுக்காதீர்கள். ஆனால் நாய் மேல் இருப்பவற்றைப் பிடுங்கினால் மட்டும் போதாது. ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கதவு நிலை இடுக்கிலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் அங்கிருந்துதான் நாயைத் தேடி வருகின்றன. அதனால் விரிசல்களைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட்டு அலசுங்கள். மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மட்டும் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாத்திரைக்குப் பதில் முதுகில் விடும் சொட்டு மருந்து வாங்குவதென்றால், வீட்டில் பூனை இருப்பதைக் கடையில் சொல்லிக் கேளுங்கள். நாய்களுக்கான பல சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்கு நஞ்சு, மருந்து காயாத நாயோடு ஒட்டிப் படுத்தாலே உடல் நடுங்கி வலிப்பு வரலாம்.