மூன்று போத்தலையும் ஒரே இரவில் பூச வேண்டாம்

கேள்வி: வணக்கம் அக்கா. வயது 27. ஆவணியில் எனக்குக் கல்யாணம். லண்டனில் இருக்கும் அக்கா பார்சலில் மூன்று சீரம் அனுப்பினார்: வைட்டமின் சி, நயசினமைட் (வைட்டமின் பி3 வகை), ரெட்டினோல் (வைட்டமின் ஏ வகை). ஒரு மாதமாக இரவில் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுகிறேன். இப்போது தண்ணீர் பட்டாலே முகம் எரிகிறது. கருமையும் குறையவில்லை. வலக் கன்னம்தான் கூடக் கறுத்திருக்கிறது என்கிறார் அம்மா. வைட்டமின் சி போத்தல் பிளேன்டீ நிறத்துக்கு வந்துவிட்டது. பாவிக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, முதலில் மூன்றையும் நிறுத்துங்கள். இன்றிரவே.

பம்பலப்பிட்டியில் 19 வருடம் பார்மசி கவுன்டரில் நின்றவள் நான். இந்த எரிச்சலோடு வந்த பிள்ளைகளை நிறையவே பார்த்திருக்கிறேன். உங்கள் தோலின் மேல்படை காயப்பட்டிருக்கிறது. குறைந்தது இரண்டு கிழமைக்கு மென்மையான ஃபேஸ் வொஷ், வாசனை சேர்க்காத மொய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிறீன், அவ்வளவும் போதும். அதன் பிறகும் எரிந்தால் தோல் டொக்டரிடம் போங்கள்.

சீரம் என்பது ஒரு வேலைக்காக ஒரு மருந்துப்பொருளைக் கூடுதலான செறிவில் கரைத்து வைத்த மெல்லிய திரவம். கிறீமைப் போல முகத்துக்கு மெத்தென்று போர்வை போடுவது அதன் வேலை இல்லை. அதனால்தான் துளிக்கணக்கில் தருகிறார்கள். முழு முகத்துக்கும் இரண்டு மூன்று துளி காணும்.

பிளேன்டீ நிறத்துக்கு வந்ததைக் கொட்டிவிடுங்கள். உங்கள் அக்கா காசு கொடுத்து அனுப்பியது, மனம் வராதுதான். ஆனால் வைட்டமின் சி காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் கெட்டுவிடும். தெளிவாக இருந்தது மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். பழுப்பானதில் பலன் இல்லை. லண்டன் அறையில் மாதக்கணக்கில் தாங்கும் போத்தல், கொழும்பில் ஜன்னலோர மேசையில் நின்றால் சீக்கிரமே பழுதாகிவிடும். அடுத்த முறை சிறிய போத்தலாக, கடும் நிறக் கண்ணாடியில் வருவதாக வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள். மூடியை இறுக்கி மூடுங்கள். டிரொப்பர் நுனி முகத்தில் படக்கூடாது.

வலக் கன்னத்துக் கருமை எனக்கு யோசனையாக இருந்தது. பஸ்ஸில் எந்தப் பக்கம் இருப்பீர்கள் என்று திருப்பி எழுதிக் கேட்டேன். 'காலை 9 மணி பஸ்ஸில் கோட்டைக்கு, 4 மணிக்குத் திரும்புவேன், இரண்டு நேரமும் வலப்பக்க ஜன்னலோரம்' என்று பதில் போட்டிருந்தீர்கள். காலி வீதியை நினைத்துப் பாருங்கள். காலையில் வடக்கே கோட்டைப் பக்கம் போகும்போது கிழக்கு வெயில் வலப்பக்கம். பின்னேரம் திரும்பி வரும்போது கடல் பக்கத்து வெயில், அதுவும் வலப்பக்கம்! ஒரே கன்னத்துக்கு நாளுக்கு இரண்டு தடவை. இது தொடரும்வரை எந்தச் சீரமும் அந்தக் கருமையோடு போட்டிபோட்டு வெல்லாது. நாம் பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கில் இருக்கிறோம், சித்திரை வெயில் உச்சந்தலைக்கு நேரேதான் நிற்கும்.

எஸ்.பி.எஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாத சன்ஸ்கிறீனை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, முகம், கழுத்து, காது எல்லாவற்றுக்கும் பூசுங்கள். பின்னேரம் ஒஃபிஸை விட்டு இறங்கும் முன் மறுபடியும் பூசுங்கள். பலர் இதை விட்டுவிட்டுத்தான் சீரத்துக்குக் காசு செலவழிக்கிறார்கள். எனக்கு அது கவலை.

தோல் ஆறியபின், நயசினமைட்டை மட்டும் காலையில் தொடங்குங்கள். முகம் கழுவி, லேசான ஈரத்தில் சீரம், அதன்மேல் மொய்ஸ்சரைசர், கடைசியில் சன்ஸ்கிறீன். மெல்லியது முதலில், தடித்தது பிறகு. ஒரு மாதம் ஒத்துப்போனால் அப்புறம் ரெட்டினோல், கிழமைக்கு இரண்டு இரவு, பட்டாணி அளவு. கருமை மங்குவதற்கு 8 முதல் 12 கிழமை வரை பொறுக்க வேண்டும். ஒன்று: கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைக்கு யோசித்தால், ரெட்டினோலை அதற்கு முன்பே விட்டுவிடுங்கள். கர்ப்ப காலத்தில் அது கூடாது.

கேள்வி: தேசிக்காயிலும் வைட்டமின் சி இருக்கிறதே, மகளுக்கு ஏன் விலை கொடுத்துச் சீரம்?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, 14 வயதில் வீட்டு விசேஷத்துக்கு ஒரு கூடை தேசிக்காய் பிழிந்துவிட்டு முற்றத்து வெயிலில் நின்றேன். இரண்டு நாளில் கை முதுகில் சாறு வழிந்த கோடுகளெல்லாம் சிவந்து, பிறகு கறுத்துப்போயின. மாதக்கணக்கில் போகவில்லை. தேசிக்காய்ச் சாற்றில் உள்ள சில பொருட்கள் வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுட்டுவிடும். மகளின் முகத்தில் தயவுசெய்து பூசாதீர்கள். சோற்றோடு சாப்பிடக் கொடுங்கள்.

கேள்வி: ஃபேஸ்புக்கில் வாங்கிய வெள்ளையாக்கும் சீரத்தில் ஒரு கிழமையிலேயே நிறம் வந்தது. நிறுத்தினால் பரு கொட்டுகிறது. லேபிளில் என்ன இருக்கிறதென்றே எழுதவில்லை.
– மாணவி, தெஹிவளை

பதில்: ஒரு கிழமையில் நிறம் மாறியதென்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படிப்பட்டவற்றில் ஸ்டெரொய்ட் அல்லது பாதரசம் இருந்ததைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஸ்டெரொய்ட் தோலை மெலிதாக்கும், நிறுத்தும்போது நீங்கள் சொன்னது போலவே பருவும் சிவப்பும் கிளம்பும். பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். அதை இனிப் பூசாதீர்கள். தனியாகச் சமாளிக்கவும் முயற்சிக்காதீர்கள். இந்தக் கிழமைக்குள் தோல் டொக்டரைப் பாருங்கள். தேசிய வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில் காசில்லாமலே பார்ப்பார்கள். போகும்போது அந்தப் போத்தலையும் கையோடு கொண்டு போங்கள்.