முதல் விருப்பத்தில் ஆசைப்பட்டதைப் போட்டால் இரண்டாவது போய்விடுமா?

கேள்வி: ஓ நிலைத் தேர்வில் மகளுக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கான புள்ளி 13 (புள்ளி குறைந்தால்தான் நல்லது). அவள் ஆசைப்படும் படிப்பில் போன வருடம் 11 புள்ளி வரைதான் எடுத்தார்கள். "அதை முதலில் போட்டால் அடுத்ததும் கைநழுவிவிடும்" என்கிறார் என் அண்ணன். உண்மையா? - ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: இல்லை. தைரியமாக முதலில் போடச் சொல்லுங்கள்.

ஓ நிலை முடிவை வைத்து இடம் ஒதுக்கும் சிங்கப்பூரின் கூட்டு மாணவர் சேர்க்கையில் முதலில் பேசுவது புள்ளிதான். ஒரு படிப்பில் கடைசியாக ஓர் இடம் இருக்கிறது என்று வையுங்கள். உங்கள் மகள் அதை இரண்டாவதாக எழுதியிருக்கிறாள். 14 புள்ளி எடுத்த இன்னொரு பிள்ளை முதலாவதாக எழுதியிருக்கிறது. மகளுக்கு முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் அந்த இடம் அவளுக்குத்தான். இங்கே புள்ளி குறைந்தவருக்குத்தானே முன்னுரிமை!

வரிசை வேறு இடத்தில் கைவைக்கும். பட்டியலில் மேலிருந்து பார்த்து, எது முதலில் கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிடுவார்கள். அதற்குக் கீழே உள்ளவை அத்தோடு சரி. 'எதற்கும் இருக்கட்டும்' என்று மனம் ஒட்டாத படிப்பை மேலே வைத்தால் அதுதான் வந்து சேரும். அப்புறம் மாற, கல்லூரியிடமே மேல்முறையீடு செய்து காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் அழுவது பெரும்பாலும் இந்தத் தவற்றால்தான்.

மொத்தம் 12 விருப்பங்கள் தரலாம், அத்தனையையும் நிரப்புங்கள். மேலே ஆசைப்பட்டவை இரண்டு மூன்று, நடுவில் 13ஐ ஒட்டியவை, கடைசியில் போன வருடம் 16, 17 வரை எடுத்தவை. வெட்டுப்புள்ளி, அதாவது ஒரு படிப்பில் கடைசியாக எடுக்கும் புள்ளி, வருடா வருடம் மாறும் என்பதால் இந்தக் கடைசி வரிகளை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, அந்த 13 எல்லாப் படிப்புக்கும் 13 ஆக இருக்காது. ஆங்கிலம், துறைக்குத் தொடர்புள்ள இரண்டு பாடங்கள், மற்றவற்றில் சிறந்த இரண்டு என்று கூட்டுவதால், வணிகத்துக்கு ஒரு கணக்கும் பொறியியலுக்கு ஒரு கணக்கும் வரலாம். இணைப்பாட நடவடிக்கைக்கான போனஸைக் கழித்த பிறகு வருவதா என்றும் பாருங்கள். தேர்வு முடிவோடு தரும் படிவத்தில் எல்லாம் இருக்கும்.

விண்ணப்பிக்கச் சில நாள்தான் தருவார்கள். அதற்குள் எத்தனை முறையும் மாற்றலாம். மூடுவதற்கு முந்தைய இரவு மகளை 12 வரிகளையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் அவள் குரல் இறங்குகிறதோ, அதைக் கீழே தள்ளுங்கள்.