பழைய காருக்கு அலாரம், ரிமோட் ஸ்டார்ட்: கேட்டதும் சொன்னதும்

கோயமுத்தூர்ல இருபத்தாறு வருஷமா ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை பாக்கறேங்க. பழைய காருக்கு அலாரம், ரிமோட் ஸ்டார்ட் மாட்டறதைப் பத்திக் கேளுங்கன்னு சொன்னதுக்கு நிறையப் பேர் எழுதியிருக்கீங்க. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேத்துட்டேன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

செந்தில், திருப்பூர்: அண்ணா, என்கிட்ட 2008 ஸ்விஃப்ட், பெட்ரோல், மேனுவல் கியர். கம்பெனி வாசல்ல ரோட்டோரம் வெயில்ல நிக்குது. மத்தியானம் உள்ள உக்கார முடியல. பத்து நிமிஷம் முன்னாடியே ரிமோட்ல ஸ்டார்ட் பண்ணி ஏசி ஓட விடலாம்னு பாக்கறேன். கிட் வாங்கலாமா?

பதில்: தம்பி, வண்டிய நிறுத்தினா கியர்ல போட்டுட்டு இறங்குவீங்களா, நியூட்ரல்ல விடுவீங்களா? நம்மாளுங்க நிறையப் பேருக்குக் கை தானாவே முதல் கியருக்குப் போயிரும். நல்ல பழக்கந்தான். ஆனா அந்தப் பழக்கமும் ரிமோட் ஸ்டார்ட்டும் ஒரே வண்டில இருக்கக் கூடாது.

2009ல ஒரு பழைய ஜென்னுக்கு ரிமோட் ஸ்டார்ட் மாட்டிக் கொடுத்தேன். அந்த வண்டில கிளட்ச் மிதிக்காமலே செல்ஃப் எடுக்கும். அந்தக் காலத்து வண்டி நிறைய அப்படித்தான். நியூட்ரல்லதான் நிறுத்தணும்னு ஓனர்கிட்ட சொன்னேன், அவரும் தலையாட்டினாரு. ரெண்டு நாள் கழிச்சு மகனைக் கூட்டிட்டு வந்தவரு, ஷெட்டு முன்னாடி பழக்க தோஷத்துல கியர்ல நிறுத்திட்டு, மகனுக்குக் காட்டறதுக்காகப் பட்டனை அமுக்கிட்டாரு. வண்டி ஒரு குதி குதிச்சு, இன்ஜினும் புடிச்சு, என் வேலை மேசையைச் சுவரோட சேத்துத் தள்ளிருச்சு. மேசைல வைஸ்ல ஒரு டைனமோவைக் கவ்வ வச்சு ஈயம் வச்சிட்டிருந்த பையன் அப்பத்தான் டீ வாங்கப் போயிருந்தான். மேசைக்கும் சுவருக்கும் நடுவுல கை நுழைய இடமில்ல. தப்பு என்னோடதுங்க. வாய்ல சொல்லிவிட்டாப் போதும்னு நெனச்சேன். அன்னைக்கிருந்து மேனுவல் வண்டிக்கு 'ரெடி மோட்' இல்லாத கிட்டை நான் தொடறதில்ல.

ரெடி மோட்னா இதுதான். இன்ஜின் ஓடும்போதே நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, ரிமோட் பட்டனை அமுக்கிட்டுச் சாவிய உருவணும். சாவி வெளிய வந்தும் இன்ஜின் ஓடிட்டே இருக்கும். இறங்கி, கதவைச் சாத்தி, லாக் போட்டாத்தான் நிக்கும். கியர்ல இருந்திருந்தா கிளட்சை விட்டப்பவே வண்டி அணைஞ்சிருக்கும் இல்லையா? அதை வச்சுத்தான் கிட் நியூட்ரல்னு நம்புது. அப்புறம் எந்தக் கதவு திறந்தாலும் அந்த நம்பிக்கை ரத்து. அடுத்த தடவை சாவி போட்டுத்தான் எடுக்கணும்.

பழைய வண்டில வில்லங்கமே இங்கதான் வரும். கதவு திறந்ததைக் கிட்டுக்குச் சொல்றது கதவுத் தூண்ல இருக்கற சின்ன ஸ்விட்ச். அதோட ரப்பர் கிழிஞ்சு, தண்ணி எறங்கி, உள்ள துருப் புடிச்சிருக்கும். ரூஃப் லைட்டை 'டோர்' நிலைல வச்சுட்டு ஒவ்வொரு கதவாத் திறந்து பாருங்க. எந்தக் கதவுக்கு லைட் எரியலையோ அந்தக் கதவு திறந்தது கிட்டுக்குத் தெரியவே தெரியாது. யாரோ ஏறி உக்காந்து கியரைத் தட்டிட்டு எறங்கினாலும் அது நியூட்ரல்னே நெனச்சுட்டு செல்ஃப் அடிக்கும். சில வண்டில பின் கதவுக்கு ஸ்விட்சே இருக்காது. அதையெல்லாம் புதுசாப் போட்டுட்டுத்தான் மத்த வேலை. பானெட்டுக்கு ஒரு ஸ்விட்ச் கண்டிப்பா வேணும், மெக்கானிக் பெல்ட்டுகிட்ட கை வச்சிருக்கப்ப வண்டி ஸ்டார்ட் ஆகக் கூடாது. பிரேக் வயரும் கிட்டுக்குப் போகணும். சாவி இல்லாம எவனாவது பிரேக் மிதிச்சா இன்ஜின் அணைஞ்சிரும்.

உங்க ஸ்விஃப்ட்ல ஐகேட்ஸ்னு மாருதியோட திருட்டுத் தடுப்பு இருக்குது. சாவித் தலைக்குள்ள ஒரு சிப், சாவி ஓட்டையைச் சுத்தி அதைப் படிக்கற ஒரு காயில். சிப் தெரியலன்னா இன்ஜின் ஓடாது. இதுக்கு வழின்னு சொல்லி ஸ்பேர் சாவியை அந்தக் காயில் பக்கத்துலயே டேப் சுத்தி ஒளிச்சு வச்சிருவாங்க. அப்படி வச்சா மாருதி கொடுத்த பூட்டைக் காசு கொடுத்து நீங்களே கழட்டின மாதிரி. ரிமோட்ல ஸ்டார்ட் ஆகற நேரம் மட்டும் ரிலே (கரண்ட்ல இயங்கற ஸ்விட்ச்) வழியா சிப்பைக் காட்டற பைபாஸ் பெட்டி தனியா இருக்குது. அதைத்தான் போடச் சொல்லணும்.

கடைசியா இடம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 126ஆம் பிரிவுப்படி பொது இடத்துல நிக்கற வண்டில லைசென்ஸ் உள்ள ஆள் டிரைவர் சீட்ல இருக்கணும், இல்லன்னா இன்ஜினை நிறுத்தி பிரேக் போட்டிருக்கணும். ஆளில்லாம ரோட்டோரம் இன்ஜின் ஓடறது அந்தப் பிரிவுக்கு விரோதம். நீங்க நிறுத்தற இடத்தைப் பாத்தா உங்களுக்கு இது வேண்டாம் தம்பி. நாலு கண்ணாடியும் எறக்கிவிட்டு ஒரு நிமிஷம் ஓட்டுங்க, கொதிக்கற காத்து வெளிய போயிரும், அப்புறம் ஏசி போடுங்க. கிட்டுக்கு வச்சிருக்கற காசுல முன் கண்ணாடிக்கு ஒரு வெயில் மறைப்பு வாங்கிப் போடுங்க.

ஜெயந்தன், ஸ்காபரோ, கனடா: அண்ணை, என்ர கார் 2009 கொரோலா, ஓட்டோ கியர். இஞ்ச காலமை வெளிக்கிடேக்க மைனஸ் இருபது. உங்களுக்கு ஏசி மாதிரி எங்களுக்கு ஹீட்டர். எனக்கும் இந்தக் கியர் பிரச்சினை வருமோ?

பதில்: உங்களுக்கு வராதுங்க. ஆட்டோ கியர்ல பார்க்லயோ நியூட்ரல்லயோ இருந்தாத்தான் செல்ஃப் எடுக்கும், அதுக்கு வண்டிலயே ஸ்விட்ச் இருக்கு. மாட்டினதும் முன்னாடி காலியா இருக்கற இடத்துல ஹேண்ட் பிரேக் இழுத்து, ட்ரைவ்ல வச்சு, காலை பிரேக்குக்கு மேல அமுக்காமத் தயாரா வச்சுட்டு ரிமோட்டை அமுக்கச் சொல்லிப் பாருங்க, எடுக்கக் கூடாது. பிரேக்கை மிதிச்சிருந்தா கிட் எப்படியும் எடுக்காது, சோதனை பண்ணின மாதிரி ஆகாது. 2007 செப்டம்பர்ல இருந்து கனடாவுல புது கார்களுக்கு இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாம இன்ஜினை ஓட விடாத பூட்டு) கட்டாயம், அதனால உங்களுக்கும் பைபாஸ் வேணும். ராத்திரி நிறுத்தும்போதே ஹீட்டர் குமிழை முன் கண்ணாடிப் பக்கம் திருப்பி வச்சுட்டு எறங்குங்க. காலைல கண்ணாடிப் பனியும் எளகியிருக்கும். ரெண்டே பயம். கராஜுக்குள்ள ஸ்டார்ட் பண்ணாதீங்க, கதவு திறந்திருந்தாலும் வேண்டாம், கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ள ஏறிரும். அதுக்கு வாசனையே கிடையாது. பனி கொட்டியிருந்தா பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி புகைக்குழாயைச் சுத்தித் தோண்டிவிடுங்க.

முருகேசன், சேலம்: 2003 ஆல்டோ. அலாரமும் சென்ட்ரல் லாக்கும் மட்டும் போதும். மாட்டுபவர் வயரைக் கண்டபடி வெட்டிவிடுவாரோ, தீப்பிடிக்குமோ என்று பயமாக இருக்கிறது. நல்ல வேலை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சார், பயம் நியாயமானது. டேஷ்போர்டை மூடறதுக்கு முன்னாடி ஸ்டியரிங் அடியில டார்ச் அடிச்சுப் பாருங்க. ரெண்டு வயரை முறுக்கி மேல கறுப்பு டேப் சுத்தியிருந்தா அது வேலை இல்ல. நம்ம வெயிலுக்கு ஆறு மாசத்துல டேப் பசை உருகி வழிஞ்சு, வயர் வெளிய தெரியும். வயரைச் சீவி, ஈயம் வச்சு, மேல ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடு காட்டி இறுக்கியிருக்கணும். பேட்டரில இருந்து வர்ற மெயின் வயர்ல, பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃப்யூஸ் இருக்கணும். அலாரம் பெட்டிகிட்ட ஃப்யூஸ் போட்டா, நடுவுல இரும்புத் தகடு உரசி ஷார்ட் ஆனா அந்த ஃப்யூஸால பிரயோஜனம் இல்ல, தீ அந்த நடு வயர்லதான் புடிக்கும். இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கற தகட்டை (பயர்வால்) வயர் தாண்டற ஓட்டைல ரப்பர் வளையம் இருக்கான்னு விரலால தொட்டுப் பாருங்க. எர்த் வயரைப் பெயிண்டைச் சுரண்டிட்டு வெறும் தகட்டுல போல்ட் போட்டு முடுக்கியிருக்கணும்.

உங்க வண்டிக்கு இருவது வருஷத்துக்கு மேல ஆச்சுங்க. வயர் மேல்தோல் காய்ஞ்சு போயிருக்கும், வளைச்சா வெடிக்கும். எலி கடிச்ச வயர் இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணச் சொல்லுங்க. ஏர்பேக் உள்ள வண்டி வச்சிருக்கறவங்களுக்கும் சேத்துச் சொல்றேன்: மஞ்சள் உறை போட்ட வயரை யாரையும் தொட விடாதீங்க. டெஸ்ட் பல்பை எல்லா வயர்லயும் குத்திப் பாக்கற ஆளா இருந்தா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க. ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் வயர்ல பல்பு குத்தினா உள்ள இருக்கற சர்க்யூட் போயிரும், மீட்டர்தான் வைக்கணும்.

கவிதா, மதுரை: அலாரம் மாட்டியதிலிருந்து ஒரு வாரம் வண்டியை எடுக்கலைன்னா பேட்டரி படுத்துவிடுகிறது அண்ணா. பேட்டரி புதுசு.

பதில்: பேட்டரி மேல தப்பில்லம்மா. நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி, நடுவுல மீட்டர் போட்டு, வண்டிய லாக் பண்ணிட்டு அரை மணி நேரம் கழிச்சுப் பாக்கச் சொல்லுங்க. 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா சரி. அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர் தின்னும், சின்ன கார்ல இருக்கற 35 ஆம்பியர் அவர் பேட்டரி ரெண்டு வாரத்துல பாதி காலி. 180 காட்டினா எட்டு நாள்ல முழுசாக் காலி, உங்க கணக்கு அதுக்குக் கிட்டத்தான் வருது. அலாரம் ஃப்யூஸை உருவிட்டு மறுபடி பாருங்க. மீட்டர் எறங்கினா அலாரம் வேலைல கோளாறு, மாட்டினவர்கிட்டயே போங்க. எறங்கலைன்னா டிக்கி லைட், ஸ்டீரியோன்னு வேற எதையோ தேடணும்.

ராஜா, திருச்சி: அண்ணே, ராத்திரி பூனை ஏறினாக்கூட அலறுது. பக்கத்து வீட்டுல சண்டைக்கே வந்துட்டாங்க.

பதில்: ஷாக் சென்சார்ல திருகு ஒண்ணு இருக்கும், சின்ன ஸ்க்ரூ டிரைவர்ல கொறைச்சு வைங்க. கண்ணாடிய உள்ளங்கையால ஓங்கித் தட்டினா கத்தணும், விரலால தட்டினாக் கத்தக் கூடாது. அந்த அளவு போதும். சென்சாரை ஆடற பிளாஸ்டிக்ல ஒட்டியிருந்தா எவ்வளவு கொறைச்சாலும் அடங்காது, ஸ்டியரிங் தூண்ல டேக் போட்டு இறுக்கணும். தீபாவளி ரெண்டு நாளும் சத்தமில்லாத லாக்ல வைங்க, நிறைய ரிமோட்ல அந்த வசதி உண்டு. தெனம் ராத்திரி சும்மா அலர்ற அலாரத்தை நெஜமாவே திருடன் வந்த அன்னைக்கு யாரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க.

அஸ்லாம், வேலூர்: புஷ் பட்டன் ஸ்டார்ட் கிட் என் 2007 வேகன் ஆர்ல போட, ஸ்டியரிங் லாக்கைக் கழட்டணும்னு கடைல சொல்றாங்க. கழட்டலாமா?

பதில்: இந்தக் கேள்வியக் கேட்டதுக்கு நன்றி பாய். சாவிய உருவினதும் ஸ்டியரிங்குள்ள ஒரு இரும்புக் கட்டை எறங்குது பாருங்க, அதுதான் லாக். பட்டன் கிட்டுக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. லாக்கை அப்படியே விட்டுட்டு சாவி இல்லாம பட்டன்ல ஸ்டார்ட் பண்ணினா, ஸ்டியரிங் பூட்டிக் கெடக்கும். அதனாலதான் கழட்டச் சொல்றாங்க. சில பேர் கட்டையை முழுசா எடுக்காம ஒட்டு வச்சுத் தூக்கி நிறுத்திருவாங்க. பள்ளத்துல குலுங்கி அது வளைவுல எறங்கிச்சுன்னா ஸ்டியரிங் திரும்பாது. குடும்பத்தோட போற வண்டி. முழுசா எடுத்தாலோ, திருடனைத் தடுக்கற பூட்டு ஒண்ணு போச்சு. ரெண்டுமே எனக்குச் சம்மதமில்ல, நான் மாட்டறதுமில்ல.

பிரபு, நாகர்கோவில்: மொபைல்லயே இன்ஜினை நிறுத்தற ஜிபிஎஸ் போட்டா, திருடிட்டு ஓடும்போதே நிறுத்திரலாமே?

பதில்: ஓடற வண்டில பெட்ரோல் பம்பை நிறுத்தினா பவர் ஸ்டியரிங் போகும், பிரேக் பூஸ்டரும் ரெண்டு மூணு மிதிக்கு மேல தாங்காது. எதிர்ல வர்றவங்க என்ன பாவம் பண்ணினாங்க? செல்ஃப் வயர்ல கட் ரிலே போடுங்க. ஒரு தடவை அணைச்சா மறுபடி செல்ஃப்ல எடுக்க முடியாது, ஓடும்போது ஒண்ணும் ஆகாது. ரிலே கெட்டுப் போனாலும் செல்ஃப் எடுக்கற மாதிரி வயர் கொடுக்கச் சொல்லுங்க. இல்லன்னா நடுராத்திரி கன்னியாகுமரி ரோட்ல நீங்கதான் நிக்கணும்.

இன்னும் ரெண்டு பேருக்குச் சுருக்கமா. கார்புரேட்டர் உள்ள அம்பாசிடர், மாருதி 800 வச்சிருக்கறவங்க ரிமோட் ஸ்டார்ட்டை மறந்துருங்க, கையால இழுக்கற சோக்கை ரிமோட் இழுக்காது, அலாரம் தாராளமாப் போடலாம். அலாரம் போட்டா இன்சூரன்ஸ்ல தள்ளுபடி உண்டான்னு கேட்டவருக்கு: ஏஆர்ஏஐ (புனே வாகன ஆராய்ச்சி நிலையம்) அங்கீகாரம் உள்ள திருட்டுத் தடுப்புக் கருவியா இருந்து, மாட்டினதுக்கு ஆட்டோமொபைல் சங்கத்துச் சான்றும் இருந்தா, பழைய டாரிஃப் (கட்டண விதி) படி சொந்தச் சேதப் பிரீமியத்துல 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி. உங்க பாலிசில அது இருக்கான்னு கம்பெனில கேளுங்க.

சுமதி, ஈரோடு: அப்பாவுக்கு 68 வயது. பழைய சான்ட்ரோ. கதவைப் பூட்ட மறந்துவிடுகிறார். ரிமோட் ஸ்டார்ட்டும் சேர்த்துப் போட்டால் பிறந்தநாள் பரிசாக இருக்கும் என்று நினைத்தேன்.

பதில்: நல்ல மனசும்மா. ஆனா மறதி உள்ளவருக்கு மேனுவல் வண்டில ரிமோட் ஸ்டார்ட் வேண்டாம். கியர்ல விட்டதையும் ஒரு நாள் மறப்பாரு. சென்ட்ரல் லாக்கோட அலாரம் போடுங்க. ரிமோட் ரோலிங் கோடு உள்ளதான்னு கேட்டு வாங்குங்க, ஒவ்வொரு அமுக்குக்கும் குறியீடு மாறும், பக்கத்துல நின்னு பதிவு பண்ணி நகல் எடுக்கறது கஷ்டம். தானாப் பூட்டிக்கற வசதிய மட்டும் அணைச்சு வைக்கச் சொல்லுங்க, அது இருந்தா சாவி உள்ள இருக்கப்பவே வண்டி பூட்டிக்கும். ரிமோட் பேட்டரி தீந்தா அலாரத்தை நிறுத்த வேலட் ஸ்விட்ச்னு ஒரு சின்னப் பட்டன் ஸ்டியரிங் அடியில வச்சிருப்பாங்க. அலாரம் மாட்டி வண்டிய எடுக்கற அன்னைக்கே அப்பா கையைப் புடிச்சு அந்தப் பட்டன் மேல வச்சுக் காட்டிருங்க, ரெண்டு தடவை அவரே அமுக்கிப் பாக்கட்டும்.